எம்பிங்கோ: வைரமேறிய கறுப்பு

திருச்சியில் பேண்டு வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறை. மேசைமேல் மூன்று கிளாரினெட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சாவிகளெல்லாம் ஒரு தட்டில் தனியாகக் கிடந்தன. சாவி கழன்ற குழல்கள் மூன்றும் ஒரே கறுப்பாக, எது எது என்று பிரித்தறிய முடியாமல் இருந்தன. "இதுல ரெண்டு பிளாஸ்டிக்கு, ஒண்ணு மரம். எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் பட்டறைக்காரர். நான் தப்பாகத்தான் சொன்னேன்.

பிளந்துபோன ஒரு பழைய கிளாரினெட்டிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு அறுத்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்து, "இத அந்த டம்ளர்ல போடுங்க சார்" என்றார். போட்டேன். ஒரு நொடிகூட மிதக்கவில்லை. நேராக அடிக்குப் போய் எவர்சில்வர் தளத்தில் 'டக்'கென்று உட்கார்ந்தது. வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் பிடித்தபோதுதான் மரம் தெரிந்தது. கறுப்பு என்று நினைத்தது முழுக் கறுப்பு அல்ல. நாவல் பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த ஊதா கலந்த கருமை. அதன் குறுக்கே மையால் இழுத்ததுபோல் இன்னும் கறுத்த மெல்லிய வரிகள். அறுத்த முனையில் வெறுங்கண்ணுக்குத் துளை எதுவும் தெரியவில்லை. கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது.

"ஆப்பிரிக்கா மரம் சார். கிரெனடில்லான்னு சொல்வாங்க" என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றித் தெரியவில்லை. நாற்பது வருஷமாக அந்த மரத்தைக் கையில் வைத்து வேலை செய்தவர். அது எந்தக் காட்டில், எந்த மண்ணில், எப்படி நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு வந்தபிறகு நான் தேடிப் படித்ததுதான் இக்கட்டுரை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் இந்த மரத்துக்கு எம்பிங்கோ என்று பெயர். தாவரவியல் பெயர் டல்பெர்ஜியா மெலனோசைலான். பின்பாதி 'கருமரம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. வாத்திய வியாபாரத்தில் கிரெனடில்லா. ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கக் கருமரம் என்று பொருள்படும் பெயர். தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் பலரும் கருங்காலி என்றுதான் சொல்வார்கள். அது சரியல்ல. நம் கருங்காலி தும்பிலி மரத்தின் சாதி. இலங்கைக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எபனி. எம்பிங்கோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லும் மரம் அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. வேங்கையும் செம்மரமும் கொஞ்சம் தள்ளிய உறவு. அதே உட்குலத்தில், நம்ப முடியாவிட்டாலும், நிலக்கடலையும் இருக்கிறது.

ஆனால் எபனி என்ற பெயருக்கு எம்பிங்கோதான் மூத்த உரிமைக்காரன். பண்டைய எகிப்தியர்கள் தெற்கிலிருந்து வந்த ஒரு கறுப்பு மரத்தை 'ஹப்னி' என்ற மாதிரியான சொல்லால் குறித்தார்கள். அந்தச் சொல்தான் கிரேக்கம், லத்தீன் வழியாக எபனி ஆயிற்று. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி ஹட்செப்சுட் புந்து நாட்டுக்கு அனுப்பிய கப்பல்கள் சாம்பிராணி மரங்களோடு எபனிக் கட்டைகளையும் ஏற்றி வந்ததை டெய்ர் எல்-பஹரி கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறையிலும் எபனி மரச்சாமான்கள் இருந்தன. அக்காலத்து எபனிப் பொருள்களின் மரச் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் அது எம்பிங்கோ என்று அடையாளம் கண்டார்கள். பிற்காலத்தில் கருங்காலிச் சாதி மரங்கள் கடல் வணிகத்தில் பெருகியபோது பெயர் அவற்றுக்குப் போய்விட்டது.

இவ்வளவு பெயரும் புகழும் உள்ள மரம் பார்வைக்கு எப்படி இருக்கும்? ஏமாற்றமாக இருக்கும். மேற்கே செனகல் தொடங்கி கிழக்கே எத்தியோப்பியா, தெற்கே மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வறண்ட புல்வெளிக் காடுகளில் இது வளர்கிறது. பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. பல மரங்கள் அதில் பாதிதான். அடியிலேயே இரண்டு மூன்றாகக் கிளைத்து, முறுக்கிக்கொண்டு, முள்ளும் சாம்பல் பட்டையுமாக நிற்கும். கோடையில் இலை முழுவதும் உதிர்ந்துவிடும். மழை தொடங்கும் காலத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வரும். பிறகு காகிதம்போல் தட்டையான சின்னக் காய், அதில் ஒன்றிரண்டு விதை. நம் ஊர்ப் பக்கம் இருந்தால் வேலிக்கு வெட்டியிருப்போம்.

தன்சானியாவின் தென்கிழக்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும்தான் வாத்தியத்துக்கு ஏற்ற மரங்கள் அதிகம் கிடைக்கின்றன. அங்கே வருஷத்தில் பாதி மழை இல்லாத மாதங்கள். ஆள் உயரம் காய்ந்து நிற்கும் புல்லில் வருஷாவருஷம் நெருப்பு ஓடும். பெரும்பாலும் வயல் திருத்தவும் வேட்டைக்கும் மனிதர்கள் வைக்கும் நெருப்பு. முளைத்து எழும் எம்பிங்கோக் கன்று அதில் கருகிவிடும். வேர் மட்டும் சாகாது. அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும், மறுபடி கருகும். இப்படிச் சில ஆண்டுகள் மண்ணுக்குக் கீழே வேரைப் பெருக்கிக்கொண்டு, ஏதோ ஓர் ஆண்டு நெருப்பு தப்பிய சந்தில் புல்லுக்கு மேலே தலையை நீட்டிவிட்டால் பிழைத்தது. வளர்ந்த மரத்தைச் சாதாரணப் புல்தீ ஒன்றும் செய்வதில்லை. சொல்லப்போனால், நிழல் தரும் மற்ற மரங்களை அந்தத் தீ அடக்கி வைப்பது வெயில் விரும்பியான எம்பிங்கோவுக்கு உதவியும்கூட. அளவுக்கு மீறி எரிந்தால்தான் தண்டில் காயம் பட்டு உள்ளே பொக்கை விழும்.

வாத்தியத்துக்கு வெட்டத் தகுந்த பருமன் வர 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும். நான் கையில் வாங்கிய அந்தத் துண்டு எந்த மரத்திலிருந்து வந்ததோ, அது முளைத்தபோது தன்சானியா என்று ஒரு நாடே இருந்திருக்காது.

மரத்தின் குணமெல்லாம் அந்த மெதுவான வளர்ச்சியில் வந்ததுதான். அதைச் சற்று விளக்க வேண்டும். நம் ஆசாரிகள் மரத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: வெளியே வெளுத்திருப்பது வெளிறு, உள்ளே கறுத்து இறுகியிருப்பது வைரம். வைரம் பாய்ந்த கட்டையைத்தான் நிலைக்கும் உத்தரத்துக்கும் எடுப்பார்கள். உள்ளே வைரம் உள்ளதே மரம் என்றும் வெளியே வைரம் உள்ளது புல் என்றும் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. தென்னையையும் மூங்கிலையும் மரக்கணக்கிலிருந்து தள்ளிய அந்தப் பாகுபாட்டில் தாவரவியல் இன்றும் குறை சொல்ல முடியாது.

வெளிறு என்பது மரத்தின் உயிருள்ள பகுதி. வேரிலிருந்து நீர் ஏறுவதும் மாவுச்சத்தைச் சேமிப்பதும் அங்கேதான். ஆண்டுகள் போகப் போக உள்பக்கத்துச் செல்கள் ஓய்வுபெறுகின்றன. அப்படியே செத்துப் போவதில்லை. சாவதற்கு முன் தங்களிடம் மிச்சமிருக்கும் மாவையும் சர்க்கரையையும் வேறு வேதிப்பொருள்களாக மாற்றி, சுவர்களிலும் நீர்க்குழாய்களிலும் நிரப்பிவிட்டுச் சாகின்றன. டல்பெர்ஜியா சாதி மரங்களில் அவை குவினோன்கள், நியோஃபிளேவனாய்டுகள் எனும் வகைகள். கறையானுக்கும் பூஞ்சைக்கும் அவை விஷம். காற்றுப் பட்டு ஒன்றோடொன்று பிணைந்து கறுப்பதும் அவைதான். எம்பிங்கோவில் இந்த நிரப்பல் உச்சம். வெளிறு ஒரு விரல்கனத்துக்கு மஞ்சளாக இருக்கும். அதையடுத்து, பேனாவால் கோடு போட்டதுபோல் கறுப்பு தொடங்கிவிடும். இடைப்பட்ட நிறம் கிடையாது.

நீரில் மூழ்குவதற்கான கணக்கும் எளிது. எந்த மரமானாலும் அதன் செல்சுவர் ஆக்கப்பட்ட பொருளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். நீர் ஒரு கிராம். ஆக, எல்லா மரமும் மூழ்க வேண்டியவையே. மிதக்க வைப்பது உள்ளே உள்ள காற்று. காய்ந்த தேக்கின் அடர்த்தி சுமார் 0.65; அதாவது தேக்குக் கட்டையில் பாதிக்கு மேல் வெற்றிடம். எம்பிங்கோவின் அடர்த்தி சுமார் 1.27. அதே கணக்கில் பார்த்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் இடைவெளி. கிட்டத்தட்ட அடைத்து வார்த்த ஒரு பொருள்.

கடினத்தை அளக்க ஒரு முறை உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை, பாதி அளவு மரத்துக்குள் புதையும்வரை அழுத்துவார்கள். தேக்குக்குச் சுமார் 480 கிலோ எடையின் அழுத்தம் போதும். எம்பிங்கோவுக்கு 1,600 கிலோவுக்கு மேல் வேண்டும். மூன்று மடங்குக்கும் அதிகம்.

இந்த மரத்தை அறுப்பவர்கள் படும் பாடு தனி. ரம்பப் பற்கள் சீக்கிரம் மழுங்கிவிடும். சாதாரண உளி பேசாது. கடைசலுக்குக் கார்பைடு முனை வேண்டும். சீவல் சுருளாக வருவதற்குப் பதில் பொடியாகக் கொட்டும். அந்தப் பொடி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், மூச்சில் போனால் தொல்லை தரும். கறையானை விரட்டும் அதே குவினோன்தான் காரணம். ஆனாலும் கடைசல்காரர்கள் இதை விரும்புகிறார்கள். எழுபது எண்பது ஆண்டு இறுகிய நார்கள் பிசிறில்லாமல் அறுபடும். வார்னிஷ் இல்லாமலே, மெல்லிய துணியால் தேய்த்தாலே பளபளக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பித்தளையில் போடுவதுபோல் இதில் மரை போடலாம். திருகாணியை நூறு முறை கழற்றி மாட்டினாலும் மரை தேயாது.

இந்தக் கடைசிக் குணம்தான் கிளாரினெட்டின் வரலாற்றில் எம்பிங்கோவை உட்கார வைத்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குழல்கள் பாக்ஸ் எனும் மஞ்சள் மரத்தில் செய்யப்பட்டன. இனிமையான, வேலைக்கு இணங்கும் மரம். ஆனால் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வளையும். அக்காலத்துக் கருவிகளில் சாவிகள் சில மட்டுமே என்பதால் சமாளித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சாவிகள் பெருகின. பாரிசில் க்ளோசே எனும் வாத்தியக்காரரும் பஃபே எனும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கி 1844இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்று உலகில் பெரும்பாலோர் வாசிப்பது. அதில் வழக்கமாக 17 சாவிகள். ஒவ்வொரு சாவியும் ஓர் உலோக அச்சில் ஆட வேண்டும், ஒவ்வோர் அச்சையும் மரத்தில் திருகிய இரண்டு தூண்கள் தாங்க வேண்டும். மரம் ஒரு மயிரிழை அசைந்தாலும் சாவி துளையைச் சரியாக மூடாது, காற்று கசியும், சுரம் கிறீச்சிடும். அசையாத மரம் தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. கிளாரினெட், ஓபோ, பிக்கலோ, ஸ்காட்லாந்தின் பைக்குழல் என்று ஒவ்வொன்றாக எல்லாமே அதற்கு மாறின.

இங்கே ஒரு கேள்வி. எம்பிங்கோவுக்குத் தனி நாதம் உண்டா? வாத்தியக்காரர்களைக் கேட்டால் ஒரே குரலில் உண்டு என்பார்கள். மர நாதம் வேறு, பிளாஸ்டிக் நாதம் வேறு என்று சத்தியம் செய்வார்கள். இயற்பியல் இதை ஆராய்ந்திருக்கிறது. வீணையிலும் வயலினிலும் மரமே அதிர்ந்து ஒலி தருகிறது. பலகை மாறினால் நாதம் மாறும். குழல் வாத்தியத்தில் அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்றுத் தண்டு. சுவர் வெறும் எல்லை. ஜான் பேக்கஸ் எனும் அமெரிக்க இயற்பியலாளர் 1964இல் வெளியிட்ட ஆய்வில், கிளாரினெட்டின் சுவர் அதிர்வு காதுக்கு எட்டும் ஒலியில் கணிசமாக எதையும் சேர்ப்பதில்லை என்று அளந்து காட்டினார். 1971இல் ஜான் கோல்ட்மன் செய்த சோதனை இன்னும் அழகானது. வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்ளளவு ஒன்றான மூன்று புல்லாங்குழல்களைச் செய்தார். வாய் வைக்கும் பகுதி மூன்றுக்கும் ஒரே பொருள். திரை மறைவில் வாசித்தபோது கேட்டவர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. வாசித்தவர்களுக்காவது தெரியுமா? கை எடை பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று, குழல்களை ஓர் அச்சில் பொருத்திச் சுழற்றி வைத்து, தொடாமல் ஊதச் செய்தார். அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் வாத்தியக்காரர்கள் பொய் சொல்கிறார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் காது கேட்பது உண்மையான வேறுபாடு. காரணம் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது. காற்றுத் தண்டின் ஆற்றல் சுவரோரத்தில் உராய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. துளையின் உட்புறம் சொரசொரப்பாகவோ நுண்துளை உடையதாகவோ இருந்தால் கரைவது கூடும். சுரத்துளைகளின் விளிம்பு எவ்வளவு கூர்மை, எவ்வளவு வளைவு என்பது காற்றின் சுழிப்பை மாற்றும். சுமார் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள உள்துளையில் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் தேர்ந்த காதுக்குத் தெரியும். எம்பிங்கோ செய்வது இதுதான்: கைவினைஞர் எந்த அளவில், எந்த வளைவில் துளை போட்டாரோ, அதை அப்படியே, வழவழப்போடு, இருபது முப்பது ஆண்டு காப்பாற்றுகிறது. மலிவான பிளாஸ்டிக் கிளாரினெட்டில் குறைவது பெரும்பாலும் அந்தக் கடைசல் நேர்த்தி. பொருளுக்கு நாதம் இல்லை என்றாலும், நாதத்துக்கு உண்மையாக நிற்கும் பொருள் என்று ஒன்று உண்டு. அதில் எம்பிங்கோவை மிஞ்சியது குறைவு.

உண்மையாக நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. புதுக் கிளாரினெட்டை வாங்கியவுடன் மணிக்கணக்கில் ஊதினால் வெடிக்கக்கூடும். உள்ளே மூச்சின் வெப்பமும் ஈரமும். வெளியே குளிர்ந்த உலர்ந்த காற்று. உள்சுவர் உப்பப் பார்க்கும், வெளிச்சுவர் விடாது. நெடுக ஒரு மயிர்க்கீறல் ஓடும், சில சமயம் நேராகச் சுரத்துளைக்குள் போய் முடியும். அதனால்தான் முதல் சில வாரங்கள் தினம் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பார்கள். கட்டையை அறுத்தவுடன் முனைகளில் மெழுகு பூசுவதும், ஆண்டுக்கணக்கில் காயப்போடுவதும், முதலில் தோராயமாகத் துளை போட்டு மறுபடி கிடத்தி வைப்பதும் இதற்காகத்தான். உள்ளே தேங்கிய இறுக்கமெல்லாம் தளர்ந்து, மரம் இனி அசைய மாட்டேன் என்று அடங்கிய பிறகே கடைசி அளவு.

இதைப் படித்தபோது நரசிங்கம்பேட்டை நினைவு வராமல் இல்லை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊரின் நாகஸ்வரங்களை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புது ஆச்சாவை எடுப்பதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிக் காய்ந்த கட்டை இனிமேல் வெடிக்காது. ஒன்றையொன்று அறியாத இரண்டு கைவினை மரபுகள், கண்டம் கடந்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: கனத்த, வைரமேறிய, மெதுவாகக் காய்ந்த மரம்தான் ஊதுகுழலுக்கு ஆகும்.

கிளாரினெட் தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. சதிர்க் கச்சேரியிலும் பிறகு தனிக் கச்சேரியிலும் அது இடம் பிடித்தது. 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அதில் கமகங்களையெல்லாம் கொண்டுவந்தவர். ஐரோப்பியச் சுரத்துக்குச் சாவி போட்ட கருவியில் தோடியின் அசைவை வரவழைக்க, துளையைப் பாதி மூடியும் உதட்டை நெகிழ்த்தியும் புது வழி காண வேண்டியிருந்தது.

எம்பிங்கோவுக்கு அதன் சொந்த ஊரில் வேறொரு வாழ்க்கையும் உண்டு. தன்சானியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் இடையே ஓடும் ருவுமா ஆற்றின் இரு கரை மேட்டுநிலங்களிலும் மகொண்டே மக்கள் வாழ்கிறார்கள். மரச்சிற்பம் அவர்கள் பரம்பரைக் கலை. பிழைப்பு தேடி வடக்கே தார் எஸ் சலாம் பக்கம் வந்த மகொண்டேச் சிற்பிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எம்பிங்கோவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். உஜாமா என்று ஒரு பாணி: ஒரே கட்டையில், ஒருவர் தோள்மேல் ஒருவராக, பாட்டன், பேத்தி, கைக்குழந்தை என ஒரு முழுக் குடும்பம் பின்னிப் பிணைந்து கோபுரமாக எழும். ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை. இன்னொன்று ஷேதானி: கனவில் வரும் ஆவி உருவங்கள், மரத்தின் முறுக்கை அப்படியே உடம்பாக்கியவை. வாத்தியக்காரர் ஒதுக்கித் தள்ளும் கோணல் கட்டையே இந்தச் சிற்பிக்குக் கிடைத்த வரம். காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வாய்ச்சியால் வெளிறைச் செதுக்கி எறிந்து, கறுப்பு தெரியும்போதுதான் உருவம் யோசிக்கத் தொடங்குகிறார்கள். சந்தையில் லேசான மரத்துக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பவர்களும் உண்டு. கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அசல் எம்பிங்கோ கல்லைப்போல் இருக்கும்.

இப்போது நெருடலான விஷயத்துக்கு வருகிறேன். வெட்டிய எம்பிங்கோவில் வாத்தியமாகப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்டு வளைந்திருக்கும், பள்ளம் விழுந்திருக்கும், உள்ளே பொக்கை இருக்கும், கீறல் இருக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் குறையில்லாத நேர்கட்டை தேடி மீதியெல்லாம் கழிவாகிறது. நூறு வருஷத்து மரத்தில் தொண்ணூறு வருஷம் குப்பைக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றும். நல்ல நேர்மரங்களையே தேடி வெட்டுவதால், விதை போடக் கோணல் மரங்களே மிஞ்சும் ஆபத்தும் உண்டு. இந்த இனம் முற்றிலும் மறைந்துவிடும் நிலையில் இல்லை. ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுநிலையை நெருங்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. 2017 ஜனவரி முதல் டல்பெர்ஜியா சாதி ஏறக்குறைய முழுவதும், உயிரின வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து, எல்லை தாண்டும் வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானது. முக்கியக் காரணம் சீனத்து மரச்சாமான் சந்தைக்காக மற்ற ஈட்டிச் சாதி மரங்கள் கண்மண் தெரியாமல் வெட்டப்பட்டது. தங்கள் கருவியோடு நாடு விட்டு நாடு போகும் இசைக்கலைஞர்கள் தவித்தார்கள். 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. கட்டைக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

கழிவைக் குறைக்க ஒரு வழியைப் பஃபே பெயர் தாங்கிய கிளாரினெட் நிறுவனமே கண்டது. கடைசலில் கொட்டும் கருமரப் பொடியோடு கார்பன் நாரும் பிசினும் கலந்து அழுத்தி, அதில் கிளாரினெட் கடைகிறார்கள். வெடிக்காது. கோல்ட்மனின் சோதனையை நம்புகிறவர் இதைத் தயக்கமின்றி வாசிக்கலாம், நான் நம்புகிறேன்.

ஆனால் காட்டைக் காப்பதில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கில்வா மாவட்டத்தின் கதை. தன்சானியாவின் தென்கிழக்குக் கரையில், பழைய துறைமுகம் இருந்த பகுதி. காடு அரசாங்கத்தினுடையது, மரம் வியாபாரியினுடையது என்றிருந்தவரை ஊர்க்காரர்களுக்கு ஒரு கட்டைக்குக் கிடைத்தது பத்து சென்ட்கூட இல்லை. தங்கள் பக்கத்தில் வெட்டப்படும் மரம் எங்கோ ஆயிரக்கணக்கான டாலர் வாத்தியமாகும் செய்தி அவர்களுக்குத் தெரியாது. எம்பிங்கோவைக் காக்க அங்கே தொடங்கிய ஓர் அமைப்பு, கிராமங்கள் தங்கள் காட்டுக்குத் தாங்களே சட்டப்படி பொறுப்பேற்க உதவியது. எல்லை குறித்தார்கள், மரங்களை எண்ணினார்கள், ஆண்டுக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டார்கள், காலமறிந்து சிறு தீ வைத்துப் பெருந்தீயைத் தடுத்தார்கள். 2009இல் கிகோலே, கிசங்கி ஆகிய ஊர்களின் காடுகளுக்குப் பொறுப்பான வனமேலாண்மைச் சான்று கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஊர்ச் சமூகம் பராமரிக்கும் இயற்கைக் காட்டுக்கு அது முதல்முறை. கட்டைக்கு 19 டாலர் என்ற அளவில் ஊருக்கே வருமானம் என்று கணக்கானது. வெட்ட வேண்டிய மரத்தையும் விட வேண்டிய மரத்தையும் அந்த ஊர்க்காரர்களே பார்த்துக் குறிக்கிறார்கள்.

வடக்கே கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் வேறு ஒருவர் வேறு வழியில் உழைத்தார். செபாஸ்டியன் சுவா என்ற தாவரவியலாளர். கோரோங்கோரோ காப்புப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எம்பிங்கோவைப் பற்றி 1992இல் பி.பி.சி. எடுத்த ஆவணப்படத்தில் அவர் வந்தார். அதை அமெரிக்காவில் டெக்சாஸில் பார்த்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற கடைசல் கலைஞர், தான் அன்றாடம் கடையும் மரத்தின் நிலை அறிந்து, சுவாவுக்குக் கடிதம் எழுதினார். 1996இல் இருவரும் சேர்ந்து ஒரு நடவுத் திட்டம் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, விதை பொறுக்கி, பைகளில் முளைக்கவைத்து, மலையடிவாரத்துக் கிராமங்களில் சுவா நட்டுக்கொண்டே போனார்.

திருச்சிப் பட்டறைக்காரரிடம் அடுத்த முறை போனபோது இதையெல்லாம் சொன்னேன். துண்டை வாங்கி மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அவரு நட்டது இன்னேரம் பெருசாயிருக்குமே சார்?" என்று கேட்டார்.

சுவா 2014இல் காலமானார். அத்திட்டத்தில் நட்ட மிக மூத்த கன்றுகளுக்கே இப்போது ஏறக்குறைய முப்பது வயதுதான். புல்தீக்கு இனி அஞ்ச வேண்டாத உயரம். உள்ளே கறுப்பு விழத் தொடங்கியிருக்கும். கிளாரினெட்டுக்கு ஒரு கட்டை எடுக்க இன்னும் நாற்பது வருஷமாவது ஆகும் என்றேன்.